ஜிஐ பைப்புல போட்ட புத்தக அலமாரி, ரெண்டு மழைக்காலம் கழிச்சு

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி. பெரம்பூர் பக்கம் தரைத்தளம், பழைய வீடு. ரெண்டு நாள் மாடி வீட்டுல தங்கிட்டு கீழ இறங்கி வந்து பாத்தா பார்ட்டிகிள் போர்டு ரேக் கீழ்ப்பாதி ஊறின ரொட்டி மாதிரி பொதபொதன்னு உப்பி, மேல இருந்த தட்டு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா சரிஞ்சு, அப்பா சேத்து வச்ச புத்தகத்துல பாதி சேத்துத் தண்ணில கிடந்தது. தண்ணி மேல் தட்டு வரைக்கும் வரவே இல்ல, ரேக் நின்னிருந்தா அந்தப் புத்தகம் எல்லாம் பொழச்சிருக்கும், அதான் எனக்கு இன்னைக்கும் ஆறல.

அதனால அடுத்து போடுறது தண்ணில நின்னாலும் கரையக்கூடாது, கீழ்த்தட்டு தரைலேருந்து ரெண்டு அடிக்கு மேல இருக்கணும், தேவைப்பட்டா கழட்டி மாட்டணும்னு முடிவு பண்ணேன். அப்படித்தான் ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய்), டீ (மூணு பக்கம் பைப் மாட்டற இணைப்பு), எல்போ (மடக்குற இணைப்பு), ஃபிளேஞ்ச் (செவுத்துலயோ தரைலயோ ஸ்க்ரூ போட்டு பைப்ப பிடிக்கிற தட்டு)னு பிளம்பிங் சாமான்ல அலமாரி போடுற வேலைல இறங்கினேன். இன்டர்நெட்ல நூறு வீடியோ இருக்கு, ஆனா முக்காவாசி அமெரிக்காக்காரங்க கருப்பு இரும்புக் குழாயில செய்யுறது, நம்ம ஊர் கடைல கிடைக்கிற சாமான வச்சு செஞ்சா என்ன ஆகும்னு யாரும் விவரமா எழுதல, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல நான் பண்ணது ஆன்லைன்ல பிராக்கெட் செட் ஆர்டர் பண்ணது. கருப்பு பவுடர் கோட்டிங் போட்ட ஃபிளேஞ்ச், குட்டை குட்டையா நிப்பிள்னு சொல்ற பைப் துண்டு, எல்போ, கேப், எல்லாம் சேத்து ஒரு பெட்டி. படத்துல அவ்வளவு அழகு. வந்ததுல ஒரு ஃபிளேஞ்ச்ல ஸ்க்ரூ ஓட்டை ஒரு பக்கமா ஒதுங்கி இருந்துச்சு, அது கூட பரவால்ல, நம்ம ஊர் முக்கா இன்ச் பைப்ப அதுல மாட்டினா ரெண்டரை சுத்து போய் இறுகிப் போச்சு, அதுக்கு மேல நகரவே இல்ல. பெட்டில எங்கயும் என்ன மரைன்னு (பைப் முனைல திருகி மாட்ட வெட்டியிருக்கிற சுத்துப் பள்ளம்) எழுதல. நம்ம ஊர் பைப் மரை பிரிட்டிஷ் வகை, பிஎஸ்பின்னு சொல்றது, மரையோட கோணம் 55 டிகிரி. அமெரிக்க வகை என்பிடி, அது 60 டிகிரி. அரை இன்ச்சும் முக்கா இன்ச்சும் ரெண்டு வகைலயும் ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால முதல்ல சரியா போற மாதிரியே இருக்கும், நாமளும் ரெஞ்ச் போட்டு இறுக்கினா சரியாயிடும்னு நினைப்போம். ஒரு இன்ச் சைஸ்ல இங்க 11, அங்க பதினொன்றரை, அதுல உடனே தெரிஞ்சிடும். எனக்கு வந்தது அமெரிக்க மரையா இல்ல சரியா மரை போடாத மாலான்னு இப்ப வரைக்கும் தெரியல, சண்டை போட தெம்பு இல்ல, திருப்பி அனுப்பிட்டேன், பணம் வந்துச்சு. ஆனா ஒண்ணு கத்துக்கிட்டேன், ஃபிட்டிங்க்ஸ் வாங்கறப்ப கைல ஒரு அடி பைப் துண்டு இருக்கணும், கடைலயே மாட்டிப் பாத்து எடுக்கணும்.

அப்புறம் பாரிமுனை செம்புதாஸ் தெரு போனேன். ஹார்டுவேர், பைப், வால்வு எல்லாம் வரிசையா அந்தத் தெருவுலதான். ஒரு கடைல வயசான பாய் ஒருத்தர் உக்காந்திருந்தார், நான் டீ, ஃபிளேஞ்ச்னு நீளமா லிஸ்ட் நீட்டினதும், "என்னம்மா இது, மோட்டார் லைனா? இத்தனை டீ எதுக்கு?"ன்னார். "இல்ல பாய், புத்தக அலமாரி போடப் போறேன்"ன்னேன். லிஸ்ட்ட கீழ வச்சிட்டு, படம் வரைஞ்சு காட்டுங்கன்னு பேப்பர் குடுத்தார். வரைஞ்சேன். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு அவர் சொன்னதுதான் இந்த மொத்த வேலைக்கும் அடிப்படைன்னு இப்ப தோணுது: "பைப் எங்கயும் ஒடையாதும்மா, செவுத்துல மாட்டற எடம்தான் புடுங்கிக்கும். அதுக்கு முன்பக்கமா காலு ஒண்ணு குடுத்துடுங்க."

நான் முதல்ல வரைஞ்சது செவுத்துலேருந்து நீட்டிக்கிட்டு நிக்கிற பிராக்கெட், வீடியோல எல்லாம் அப்படித்தான். வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தேன். எங்க வீட்டுப் புத்தகத்த எடை போட்டதுல ஒரு அடி வரிசைக்கு 7லேருந்து 9 கிலோ வந்துச்சு. அஞ்சு அடி பலகைன்னா சுமார் 40 கிலோ. மூணு எடத்துல தாங்கினா நடுவுல இருக்கிற பிராக்கெட்டுக்கு மட்டும் 20 கிலோ. பலகை 10 இன்ச் அகலம், அப்ப எடை செவுத்துலேருந்து 5 இன்ச் தள்ளி இறங்குது, ஆனா ஃபிளேஞ்சோட அடி விளிம்புலேருந்து மேல் ஸ்க்ரூ ரெண்டரை இன்ச் தூரம்தான், அதனால மேல இருக்கிற ஸ்க்ரூவ வெளிய இழுக்கிற விசை 40 கிலோ ஆயிடுது, எடையப் போல ரெண்டு மடங்கு. பூச்சு உதிர்ற பழைய செவுத்துல அது நாள்பட நிக்காது. அதுக்கு பதிலா முன்பக்கம் தரைலேருந்து ஒரு பைப் நட்டமா நிறுத்தி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு டீ போட்டு, அதுலேருந்து செவுத்துக்கு கை மாதிரி ஒரு பைப் நீட்டினா பாதி எடை நேரா தரைக்குப் போயிடுது, செவுத்துக்கு வர்ற மீதி பாதியும் ஸ்க்ரூவ புடுங்காது, கீழ்நோக்கி அமுக்கும், அவ்வளவுதான். நாலு தட்டு, நடுக்கால்ல ஏறுறது 40 கிலோ, முக்கா இன்ச் பைப்புக்கு அது ஒண்ணுமே இல்ல.

பைப் எடுக்கறப்ப கிளாஸ் பாத்து எடுங்க. மஞ்சக் கோடு போட்டது ஏ கிளாஸ், நீலக் கோடு பி, சிவப்பு சி. ஐஎஸ் 1239ங்கிற தரத்துல லைட், மீடியம், ஹெவின்னு இருக்கிறதத்தான் கடைல இப்படி சொல்றாங்க. நான் எடுத்தது முக்கா இன்ச் பி கிளாஸ், சுவர் கனம் 2.6 மில்லி, மீட்டருக்கு ஒண்ணரை கிலோவுக்கு கொஞ்சம் மேல. ஏ கிளாஸ் விலை கம்மிதான், ஆனா மரை போட்டதுக்கு அப்புறம் அந்த எடத்துல கனமே இல்லாம போயிடுது. சி கிளாஸ் அலமாரிக்கு வீண் செலவு. இன்னொன்னு, முக்கா இன்ச்சுன்னு சொன்னாலும் வெளி அளவு 26.9 மில்லி, ஒரு இன்ச்சுக்கும் அதிகம். எங்க ஆசாரி அண்ணன் 6 நூல் (முக்கா இன்ச்) பைப்புதானேன்னு பலகை ஓரத்துல 6 நூலுக்கே வெட்டு விட்டு வச்சுட்டார், பைப் உள்ளயே போகல. அரை இன்ச் பைப் வெளி அளவு 21.3, ஒரு இன்ச் பைப் 33.7. இத எழுதி ஆசாரி கைல குடுத்துடுங்க.

நீளம் கணக்கு பண்றதுலதான் நான் ஒரு தடவ மொத்தமா தப்பு பண்ணேன். தட்டுக்கு தட்டு 15 இன்ச் வேணும்னு பைப்ப 15 இன்ச்சுக்கே வெட்டி மரை போடச் சொல்லிட்டேன். டீக்குள்ள பைப் கொஞ்சதூரம் போகும், ஆனா நடு மையம் வரைக்கும் போகாது. முக்கா இன்ச் டீ, எல்போவுல மையத்துலேருந்து பைப் முனை வரைக்கும் சுமார் 18 மில்லி இடைவெளி இருக்கும், அரை இன்ச்சுல 15, ஒரு இன்ச்சுல 21. அப்ப 15 இன்ச், அதாவது 381 மில்லி, மையத்துக்கு மையம் வேணும்னா ரெண்டு பக்கமும் 18 கழிச்சு 345 மில்லிதான் வெட்டணும். நான் கழிக்காததுனால ஒவ்வொரு தட்டும் ஒண்ணரை இன்ச் ஒசந்து மேல் தட்டு ஸ்விட்ச் போர்டுல இடிச்சது. மறுபடி வெட்டி மறுபடி மரை. மரை போடறவர் ஒரு முனைக்கு 25 ரூபா வாங்கினார், நாப்பத்தி எட்டு முனை, நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

மரை கூம்பு மாதிரி இருக்கிறதால, முனைலேருந்து உள்ள போகப் போக இறுகும், அதான் தண்ணி லைனுக்கு ஒழுகாம நிக்குது. தண்ணி லைனுக்கு நல்லதா இருக்கிற அந்த விஷயமே நமக்கு இங்க தலைவலி, ஏன்னா டீ எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இறுகும்னு நம்ம கைல இல்ல. ஒரே கால்ல நாலு டீயும் செவுத்தப் பாத்து ஒரே நேர்கோட்டுல நிக்கணும். கால் சுத்து குறையுதுன்னு பின்னாடி திருப்பினா லூசாகும், இன்னும் முக்கா சுத்து இறுக்கணும்னா நம்ம கைக்கு பலம் பத்தாது. பாய் சொன்ன வழி, எல்லாத்தையும் முதல்ல கையால மாட்டி, எந்த டீ எந்தக் காலுக்கு பொருத்தமா நிக்குதுன்னு மாத்தி மாத்திப் பாத்து சாக்பீஸ்ல நம்பர் போட்டுக்கிட்டு அப்புறம் ரெஞ்ச் வைக்கிறது. ஒவ்வொரு டீலயும் மரை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பொறுமையா தேடினா ஜோடி கிடைக்குது. எனக்கு பன்னெண்டுல பத்து அப்படியே அமைஞ்சது, ரெண்டுக்கு மட்டும் டெஃப்ளான் டேப் நாலு சுத்து சுத்தி இறுக்கினேன். ஒழுகாம இருக்க பிளம்பருங்க வைக்கிற சணல் நூல், ஒயிட் லெட் எல்லாம் வேண்டாம், அலமாரில தண்ணி ஓடப் போறதில்ல, பின்னால கழட்டணும்னா அது உள்ள கல்லு மாதிரி பிடிச்சிக்கும்.

ரெஞ்ச் ரெண்டு வேணும், ஒண்ணு பைப்ப பிடிக்க, ஒண்ணு டீய திருப்ப, 14 இன்ச் எடுத்தா போதும். பைப் மேல பழைய சைக்கிள் டியூப்ப சுத்திட்டு பிடிங்க, இல்லன்னா ரெஞ்ச் பல்லு துத்தநாகப் பூச்சக் கிழிச்சிடும், அந்தப் பல் தடத்துலதான் முதல்ல துரு வருது. என் அலமாரில ரெண்டு எடத்துல அப்படி செவந்து கிடக்கு.

ஃபிளேஞ்ச் விஷயத்துக்கு வர்றேன், இந்த வேலைல நம்ம ஊர்ல ரொம்ப கஷ்டப்பட வைக்கிற சாமான் அதுதான். கடைல ஃபிளேஞ்ச்னு கேட்டா பம்ப் லைனுக்கு போடுற தடி ஃபிளேஞ்ச எடுத்து வைக்கிறாங்க, அது கனம், போல்ட் ஓட்டை பெருசு, மர ஸ்க்ரூவுக்கு ஆகாது. வீடியோல வர்ற மெல்லிசான நாலு ஓட்டை ஃபிளேஞ்ச் நான் ஏறி இறங்கின ஏழு கடைல ரெண்டு கடைலதான் இருந்துச்சு, அதுவும் அரை இன்ச் மட்டும். கடைசில எங்க தெருமுனை வெல்டிங் பட்டறைல செஞ்சு வாங்கிட்டேன், 4 இன்ச் வட்டத்துல 5 மில்லி இரும்புத் தகடு, நடுவுல ஒரு சாக்கெட்ட (பைப் திருகி மாட்டற உள்மரை வளையம்) வெல்டிங் வச்சு, நாலு ஓட்டை போட்டு, ஒண்ணு 180 ரூபா. இதுல ஒரு முக்கியமான விஷயம், ஜிஐ சாக்கெட்ட குடுத்து வெல்டிங் வைக்கச் சொல்லாதீங்க. துத்தநாகம் எரிஞ்சு வர்ற வெள்ளைப் புகைய சுவாசிச்சா அன்னைக்கு ராத்திரி குளிர் ஜுரம் மாதிரி வரும், பட்டறைல வேலை செய்யற தம்பிக்குத்தான் அந்தக் கஷ்டம். பூச்சு இல்லாத கருப்பு சாக்கெட்னு கேட்டா கிடைக்கும், அத வாங்கிக் குடுங்க, மேல பிரைமரும் பெயிண்ட்டும் அடிச்சுக்கலாம். என்னைக் கேட்டா கடை ஃபிளேஞ்ச விட இதுதான் உறுதி, பன்னெண்டு செவுத்துல, மூணு தரைல, ஒண்ணு கூட அசையல.

செவுத்துல மாட்டறப்ப பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள்ள அடிக்கிற பிளாஸ்டிக் குழல்) செங்கல்லுக்குள்ள போகணும், பூச்சுலயே நின்னுடக் கூடாது. எங்க வீட்டுல பூச்சு மட்டுமே முக்கா இன்ச்சுக்கு மேல, அதனால 8 மில்லி பிட் போட்டு ஆழமா துளைச்சு 3 இன்ச் ஸ்க்ரூ போட்டேன். புது அபார்ட்மென்ட்ல லேசான வெள்ளைக் கல்லு, அதான் ஏஏசி பிளாக்குன்னா சாதா பிளக் பிடிக்காது, அதுக்குன்னு தனி பிளக் இருக்கு, கேட்டு வாங்குங்க.

பலகைக்கு பழைய வீடு இடிச்ச மரம் விக்கிற எடத்துல தேக்கு எடுத்து ஒரு இன்ச் கனத்துக்கு இழைச்சு வாங்கினேன். ரெண்டரை அடிக்கு ஒரு கால் இருக்கிறதால இதுவரை வளையல. பலகை கை பைப் மேல சும்மா உக்காரும், நகராம இருக்க அடில சேடில் கிளாம்ப், பிளம்பருங்க செவுத்துல பைப்ப பிடிக்க போடுவாங்களே அதேதான், ஒண்ணுக்கு சில ரூபாதான் ஆச்சு. நாலு ஸ்க்ரூ கழட்டினா பலகை கைல வந்துடும். வெள்ளம் வரும்னு சொன்னா பத்து நிமிஷத்துல கீழ்த்தட்ட எடுத்து மேல வச்சிடலாம், எனக்கு இந்த ஒண்ணுக்கே போட்ட பணம் வந்தாச்சு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மரை போட்ட பைப்புல ஒரு கருப்பு எண்ணெய் இருக்கும், மரை வெட்டற கருவியான டைக்கு ஊத்துற எண்ணெய். அத மண்ணெண்ணெயில தொடச்சு, சோப்புத் தூள் போட்டு கழுவி, வெயில்ல காய வச்சு அப்புறம் மாட்டுங்க. நான் அவசரத்துல ஒரு காலைக் கழுவாம மாட்டினதுல மூணு புத்தகத்தோட முதுகுல கறை.

பெயிண்ட் பத்தி. மூணு கால்ல ஒண்ணுக்கு மட்டும் ஆசைப்பட்டு கருப்பு எனாமல் நேரா அடிச்சேன். ஆறு மாசத்துல பாம்பு சட்டை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. ஜிஐ மேல சாதா எனாமல் பிடிக்காது, துத்தநாகமும் அந்த எண்ணெய் பெயிண்ட்டும் சேந்து நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி பிடிப்ப விட்டுடுது. எட்ச் பிரைமர்னு கேட்டு வாங்கி முதல்ல அத அடிச்சாத்தான் மேல பெயிண்ட் நிக்கும். இப்ப அந்தக் கால சுரண்டி அப்படி அடிச்சிருக்கேன், ஒரு வருஷம் ஆச்சு, அப்படியே இருக்கு. மத்த ரெண்டும் வெறும் ஜிஐ சாம்பல் நிறம்தான், எனக்கு இப்ப அதுதான் பிடிச்சிருக்கு.

துரு வருமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. பைப் உடம்புல அந்த ரெஞ்ச் தடம் தவிர எங்கயும் வரல. மரை வெட்டின எடத்துல பூச்சு போயிடுறதால டீக்கு வெளிய தெரியற ரெண்டு மூணு மரைல முதல் மழைக்காலத்துலயே சிவப்பு தட்டிடுச்சு, நம்ம ஊர் கடல் காத்துல அது வரத்தான் செய்யும். ஜிங்க் ஸ்ப்ரேன்னு ஒண்ணு கிடைக்குது, துடைச்சிட்டு அந்த எடத்துல மட்டும் அடிச்சேன், ரெண்டாவது மழைக்காலத்துல புதுசா வரல. 2024 அக்டோபர்ல அந்த பெரிய மழைல தண்ணி வாசப்படி தாண்டி கணுக்கால் அளவு உள்ள வந்துச்சு, அன்னைக்கு ராத்திரி டார்ச் அடிச்சு அலமாரியத்தான் முதல்ல பாத்தேன். அசையாம நின்னுச்சு. தரை ஃபிளேஞ்ச் மூணும் தண்ணில, புத்தகம் ஒண்ணும் நனையல. அன்னைக்கு அப்பா எதுவும் பேசல, கீழ்த்தட்டுல இருந்த ஒரு புத்தகத்த எடுத்துப் பிரிச்சுப் பாத்துட்டு திரும்ப வச்சார்.

இது நல்லா வந்த தைரியத்துல துணி காயப்போட ஒரு ஸ்டாண்டும் செஞ்சேன், அதுல வேற ஒரு பாடம். நாலு பக்கமும் மூடின சதுரமா பைப்ப இணைக்கணும்னா கடைசி பைப் மாட்டவே முடியாது, ஒரு பக்கம் இறுக்கினா மறுபக்கம் கழலும். ஏன்னா ரெண்டு முனையும் ஒரே சுத்து மரை. அங்க ஒரு யூனியன் போட்டே ஆகணும், எலக்ட்ரிக் மோட்டார் பக்கத்துல கழட்டி மாட்ட வைப்பாங்களே அது. அலமாரில இந்தப் பிரச்சன வராததுக்கு காரணம், செவுத்துப் பக்கம் ஃபிளேஞ்ச் ஸ்க்ரூவால முடியுது. படம் வரையறப்பவே எங்கெல்லாம் வளையம் மூடுதோ அங்கெல்லாம் யூனியன் குறிச்சிக்கோங்க. யூனியன் பாக்க கொஞ்சம் தடியா துருத்திக்கிட்டு இருக்கும், விலையும் டீயப் போல ஒண்ணரை மடங்குக்கு மேல.

மரையே இல்லாம பைப்ப நுழைச்சு ஆலன் கீயால ஸ்க்ரூ இறுக்கற கிளாம்பும் உண்டு, இங்கிலாந்துல 1934ல மாட்டுப் பண்ணைல பால் கறக்கற கொட்டிலுக்குன்னு வந்த கீ கிளாம்ப்தான் அதுக்கு முன்னோடி. அந்த மாதிரி ஒரு செட் ஆபீஸ் நண்பர் வீட்டுல பாத்தேன், டீ எந்தப் பக்கமும் திருப்பலாம், யூனியன் தொல்லை இல்ல, மரை கூலி இல்ல, ஆனா ஒரு கிளாம்ப் விலைக்கு நாலு டீ வாங்கலாம். கட்டில், மேசைன்னு ஆடுற சாமானுக்கு நான் அடுத்து அதத்தான் பாப்பேன். ஏன்னா பொண்ணுக்கு நாலு ஃபிளேஞ்ச் நாலு கால் வச்சு ஒரு படிக்கிற மேசை செஞ்சு, அவ எழுதறப்ப எல்லாம் அது ஆடிக்கிட்டே இருந்துச்சு. குறுக்குல எச் மாதிரி ஒரு இணைப்பு குடுத்ததும் தான் அடங்குச்சு.

செலவு உண்மையச் சொல்லிடறேன், நான் தப்பா வெட்டினதையும் சேத்து பைப், டீ, ஃபிளேஞ்ச், கூலி எல்லாம் ஒன்பதாயிரத்துக்கு கொஞ்சம் மேல, பலகை தனியா ஏழாயிரம். சும்மா சாமான் அடுக்க மட்டும்னா ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக் இதுல பாதி விலைல முடிஞ்சிடும், தாராளமா அதையே வாங்குங்க. கூடத்துல வைக்கணும், கண்ணுக்கும் நல்லா இருக்கணும், தண்ணி வந்தாலும் நிக்கணும், வீடு மாறினா கழட்டி எடுத்துட்டுப் போகணும்னா இது. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை ஃபிளேஞ்சுக்கு அலைஞ்சதுக்கு.

செம்புதாஸ் தெருவுக்கு ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பெரும்பாலும் மூடிதான் இருக்கும். வார நாள்ல பதினொரு மணிக்கு முன்னாடி போனா லோடு வண்டி நெரிசல் இல்லாம நின்னு பேசலாம். படம் வரைஞ்ச பேப்பரையும் ஒரு அடி பைப் துண்டையும் கைல எடுத்துட்டுப் போங்க.